பிளாஷ்பேக் இல்லாத ஆட்கள்

லீவுக்குக் கிளிநொச்சிக்குப் போனால் இரவில் அம்மம்மாவோடு இருந்து படம் பார்ப்பது என் வழக்கம். அவ சீரியல் பார்க்கிற ஆள் இல்லை. "அழுறதுக்கு என்னத்துக்குக் கரண்ட் செலவழிக்கோணும்?" என்பா. அவவுக்குக் கொலைப் படம்தான் வேணும். லப்டொப்பைக் கதிரையில் வைத்து, நுளம்புத்திரி கொளுத்தி, லைட்டை நிற்பாட்டிவிட்டுத் தொடங்கினால், நான் நித்திரையாகிப் போனாலும் அவ முடிவு வரைக்கும் பார்ப்பா. கொலைகாரனைக் கண்டுபிடிக்க அவவிடம் ஒரு தனி முறை இருக்கிறது. "தேவையில்லாமல் ஒருத்தனை ரெண்டு தரம் காட்டினால் அவன்தான்." பத்துப் படத்தில் ஆறு ஏழுக்கு இது சரிவருகிறது. எங்கள் பட்ச்சில் சினிமா பற்றிப் பெரிதாகக் கதைக்கிற பெடியள்கூட அந்தளவுக்குச் சரியாகச் சொன்னதில்லை.

அப்படித்தான் ஒரு நாள் 'ராட்சசன்' பார்த்தோம். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டா:

"ஏன் பிள்ளை, உந்தப் படங்களில வயசுபோன பொம்பிளையள் ஒண்டில் சாகினம், இல்லாட்டிப் பேயா வருகினம். சும்மா இருந்து தேத்தண்ணி குடிக்கிற ஒராளையும் காணேல்லையே?"

அன்றைக்குச் சிரித்தேன். பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இதை எழுதுவதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில்தான் சொல்வேன். உங்கள் ஆவலைக் கூட்டுவதற்காக இல்லை, சொல்லக் கூச்சமாக இருப்பதால். (சில படங்களின் முடிவுகளை இதில் போட்டு உடைத்திருக்கிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கோ.)

ராம்குமாரின் 'ராட்சசன்' 2018இல் வந்தது. எனக்கு அப்போது பதினைந்து வயது. படத்தில் கடத்தப்படுகிற பிள்ளைகளின் வயது. ரியூசன் முடிந்து சைக்கிளில் வரும்போது பின்னால் ஒரு கார் மெதுவாக வந்தாலே வயிறு கலங்கின காலம் அது. என்னைப் பயப்படுத்தியது கொலைகளைவிட அந்த முகம்தான். பள்ளிக்கூட மேடையில் மாயவித்தை காட்டுகிற, சுருக்கம் விழுந்த ஒரு வயதான பெண்ணின் முகம். பிறகுதான் தெரிகிறது, அது பெண்ணும் இல்லை, கிழவியும் இல்லை. இளவயதிலேயே முதுமைத் தோற்றம் தரும் ஓர் அரிய நோய் உள்ள ஆண், பெண் வேடத்தில் வருகிறான். (ஒரு நோயை இப்படி அசுரத்தனமாகக் காட்டியதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.)

1960இல் ஹிட்ச்கொக் எடுத்த 'சைக்கோ'விலும் இதுதான். மேட்டு வீட்டு ஜன்னலில் தெரியும் கிழவியின் நிழல், குளியலறைத் திரைக்கு அந்தப் பக்கம் கொண்டை போட்ட உருவம். கத்தி பிடித்தது மகன். இரண்டு படத்துக்கும் நடுவில் 58 வருடம். நாடு வேறு, மொழி வேறு. ஆனால் எங்களைப் பயப்படுத்துவதற்காக எடுத்துக்கொண்ட முகம் ஒன்றுதான். இதை அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவ கேட்டது இவ்வளவுதான்:

"செய்யிறது ஆம்பிளை. முகம் மட்டும் கிழவியின்ரயோ?"

அதுக்குப் பிறகு அவவுக்காகவே படம் தேடத் தொடங்கினேன். வயதானவர்கள் சாகாத, பேயாக வராத திரில்லர். தேடிப் பாருங்கள், கஷ்டம் விளங்கும். கட்டிலில் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னதற்காகத் தூக்கி எறியப்படுபவர்கள் இருக்கிறார்கள். 'அந்தாதுன்' படத்தில் பக்கத்து வீட்டு டி'சா அம்மா தான் கண்டதைச் சொல்லப் போய், மாடியிலிருந்து கீழே விழுத்தப்படுகிறாவே, அந்த மாதிரி. ஒரு வயதான பெண் சாட்சி என்றால் அவவின் ஆயுள் ஒன்றரைக் காட்சி.

கடைசியில் 2024இல் வந்த 'கிஷ்கிந்தா காண்டம்' என்ற மலையாளப் படம் கிடைத்தது. விஜயராகவன் நடிக்கிற அப்புப்பிள்ளை இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தேர்தல் நேரம், லைசென்ஸ் துவக்குகளை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். அவருடையதைக் காணவில்லை. அவருக்கு ஞாபகம் மறந்துகொண்டு வருகிறது, அதை ஒருத்தருக்கும் காட்டக்கூடாது என்பதில் மனிசன் பிடிவாதம். தன் வீட்டில் நடந்ததைத் தானே துப்பறிய வேண்டிய நிலை. நான் பக்கத்தில் இருந்து கதை சொல்லச் சொல்ல அம்மம்மா அசையாமல் பார்த்தா. "மறந்தாலும் அந்தாள் சும்மா இருக்கேல்ல" என்று அடுத்த நாள் காலையில் தேங்காய் துருவும்போதும் சொன்னா. அவவுக்கு அது பிடித்த விதத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. எத்தனை வருஷமாக இப்படி ஒரு ஆளைத் திரையில் தேடிக்கொண்டிருந்தாவோ தெரியாது.

ஆனால் அங்கேயும் ஒன்று இருக்கிறது. அப்புப்பிள்ளை ஆண், இராணுவக்காரர், பென்சன் உள்ளவர், பார்த்து ஊர் பயப்படுகிற ஆள். அதே வருஷம் வந்த 'சூக்‌ஷ்மதர்ஷினி'யில் ஒரு தாய் வருகிறா. அம்மாவுக்கு மறதி நோய் என்று மகன் அயலுக்குச் சொல்கிறான். அயல் நம்பிவிடுகிறது. நஸ்ரியா நடித்த பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்திதான் சந்தேகப்படுகிறாள். (இதன் முடிவைச் சொல்லமாட்டேன்.) அவருடைய மறதி அவர் மறைத்து வைத்திருக்கும் இரகசியம். இவவின் மறதி மகன் சொல்லிவிட்டால் போதும், உண்மையாகிவிடும். இரண்டு படமும் நல்ல படம். நான் குற்றம் சொல்லவில்லை. வித்தியாசத்தை மட்டும் சொல்கிறேன்.

இனி பிளாஷ்பேக் விசயத்துக்கு வருவோம். பாலுமகேந்திராவை எங்களில் கனபேர் 'எங்கட ஆள்' என்று சொல்லிக்கொள்வோம், மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர் என்பதால். அவருடைய 'மூடுபனி' 1980இல் வந்தது. பிரதாப் போத்தன் பாலியல் தொழில் செய்யும் பெண்களைத் தேடித் தேடிக் கொல்கிறான். ஏன்? சின்ன வயதில் அம்மா அப்பாவிடம் அடி வாங்கினதைப் பார்த்தவன், அதற்குக் காரணம் அப்பாவோடு இருந்த அப்படிப்பட்ட இன்னொரு பெண். அதற்கு இரண்டு வருஷம் முந்தி, 1978இல், பாரதிராஜாவின் 'சிவப்பு ரோஜாக்கள்'. கமல் பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைக்கிற பணக்காரன். ஏன்? சின்ன வயதில் ஒரு பெண் அவன் மேல் போட்ட பொய்ப் பழி, பிறகு அவனை வளர்த்த மனிசனுக்கு மனைவி செய்த துரோகம். 'ராட்சசன்'? பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் பிள்ளை அவனை மறுத்து அவமானப்படுத்தினாள்.

மூன்று படத்துக்கும் ஒரே கிணறு. எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் அடியில் ஒரு பெண்தான் வருகிறாள்.

எனக்கு இதைவிட உறுத்துவது வேறு. கொலைகாரனுக்குப் பால்ய காலம் இருக்கிறது. அவனுடைய அம்மா தெரியும், பள்ளிக்கூடம் தெரியும், முதல் அழுகை தெரியும். செத்த பெண்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. 'மூடுபனி'யில் இறந்த பெண்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், அவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா, வாடகை யாருக்குக் கட்டினார்கள், ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. பிளாஷ்பேக் என்பது வெறும் கதை சொல்லும் உத்தி என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் அது ஒரு சலுகை. ஆருக்குக் கொடுப்பது, ஆருக்குக் கொடுக்காமல் விடுவது என்று ஒரு கணக்கு இருக்கிறது. 'சிவப்பு ரோஜாக்க'ளில் தப்புகிறவள் துணிக்கடையில் வேலை செய்யும் சாரதா. கலியாணம் கட்டினால்தான் மற்றதெல்லாம் என்று நின்றவள். ஏழையாக இருந்தாலும் 'ஒழுக்கமாக' இருந்தால் படம் உயிரோடு விடும். ஏழையும் ஒழுக்கமில்லாதவளும் என்றால் ரோஜாச் செடிக்கு உரம்.

பதவியில் இருக்கிற பெண்களுக்கும் இடைவேளைக்குப் பிறகு நல்ல காலம் இல்லை. 'ராட்சசனி'ல் மேலதிகாரி லக்ஷ்மி கதாநாயகனுடைய வேலையைக் கெடுப்பதற்கென்றே வருகிறா. 'பாபநாச'த்தின் ஐ.ஜி. கீதா மகனை ஒழுங்காக வளர்க்காத தாய்.

'பாபநாசம்' பற்றிக் கொஞ்சம் நின்று கதைக்க வேணும். திருநெல்வேலிப் பக்கத்துக் கதை. எங்கட கம்பஸ் இருக்கிற திருநெல்வேலி இல்லை, அங்கத்தைய திருநெல்வேலி. நாலாம் வகுப்போடு நிறுத்திய கேபிள் டிவிக்காரர் சுயம்புலிங்கம், தான் பார்த்த படங்களை வைத்தே பொலிசை ஏமாற்றுகிறார். படிக்காதவன் படித்தவர்களை வெல்லும் கதை என்று எல்லாரும் கொண்டாடினோம். நானும்தான். படம் பார்த்தே வாழ்க்கையைச் சமாளித்த ஒருத்தரை எனக்கு எப்படிப் பிடிக்காமல் போகும்?

அப்பாவுக்கு அந்தப் படத்தை முழுதாகப் பார்க்க முடியவில்லை. வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுகிற இடம் வந்தபோது எழும்பி வெளியே போய்விட்டார். "உது எங்களுக்குத் தெரிஞ்ச விசயம்" என்று மட்டும் சொன்னார். பஸ்ஸால் இறக்கி, ஒவ்வொருத்தரையும் தனித்தனியாக நிற்பாட்டி, எங்கே போறாய், ஆரிட்டப் போறாய் என்று கேட்ட காலத்தில் இளைஞனாக இருந்தவர். கடைசி மகளை அந்தக் கொன்ஸ்டபிள் அடிக்கிற காட்சி வரும்போது அவர் கிணற்றடியில் நின்றார். நானும் தம்பியும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் நான் கதைக்க நினைத்தது அதையும் இல்லை. அந்தப் படத்தின் மொத்தக் கதையும் ஒரு வீடியோவில் தொங்குகிறது. பெரிய இடத்துப் பெடியன் ஒருத்தன், மூத்த மகள் குளிப்பதைப் போனில் எடுத்துவிட்டு வந்து மிரட்டுகிறான். தாய் கெஞ்சுகிறா. தடுக்கப் போன இடத்தில் அவன் செத்துவிடுகிறான். இனி உடலைப் புதை, காரைத் தள்ளு, பொய் சொல், அடி வாங்கு. அந்த இரண்டரை மணித்தியாலத்துக்குமேல் ஓடுகிற படத்தில் ஒருத்தரும் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை: அந்த வீடியோ வெளியில் வந்தால்தான் என்ன? குற்றம் செய்தவன் அவன்தானே?

கதையில் உள்ளவர்கள் கேட்காதது விளங்குகிறது. பார்த்த நாங்களும் கேட்கவில்லை, அதுதான். நான் கேட்கவில்லை. கொலையை மறைப்பது லேசு, அந்த வெட்கத்தைத் தாங்குவது ஏலாது என்பதை ஒருத்தரும் எனக்கு விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை. பதினாறு வயதில் ஒரு பெண் பிள்ளைக்கு அது மனப்பாடம். 2013இல் மலையாளத்தில் 'த்ரிஷ்யம்' என்று தொடங்கிய கதை இது. கன்னடத்துக்குப் போனது, தெலுங்குக்குப் போனது, தமிழுக்கு வந்தது, ஹிந்திக்குப் போனது. 2017இல் சிங்களத்தில் ஜாக்சன் அந்தனி நடித்து 'தர்மயுத்தய' என்று வந்தது. 2019இல் சீனாவிலும் எடுத்தார்கள். ஊர் மாறியது, சாப்பாடு மாறியது, பொலிஸ் உடுப்பு மாறியது. அந்த வெட்கத்தை மாற்ற வேண்டிய தேவை ஒரு நாட்டிலும் வரவில்லை.

இவ்வளவையும் நான் மிக நன்றாகக் கதைப்பேன். போர்டிங்கில் எங்களுக்குள் பட்டம்கூட இருந்தது, 'துப்பறியும் சாம்பு' என்று. இனித்தான் அந்த இரண்டாவது காரணம்.

கலட்டிப் பக்கம் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். முன்பக்கம் ஆன்ரியும் மகனும். அவர் வங்கியில் வேலை செய்கிற அண்ணா. கிழமையில் மூன்று நாள் ஒரு அம்மா வந்து வீடு கூட்டி, முற்றம் கூட்டி, எங்கள் அறையையும் கூட்டித் துடைத்துவிட்டுப் போவா. அறுபது வயது இருக்கும். வரும்போது நாங்கள் படம் பார்த்துக்கொண்டிருந்தால் தும்புத்தடியோடு கதவடியில் கொஞ்ச நேரம் நிற்பா. "ஆரம்மா செய்தது?" என்று கேட்பா. "இன்னும் தெரியாது" என்போம். கால்களைத் தூக்கிக் கட்டிலில் வைப்போம், கீழே கூட்டிவிட்டுப் போவா.

நாங்கள் 'பாரசைட்' பார்த்ததும் அந்த அறையில்தான். கிம் குடும்பம் அந்தப் பணக்கார வீட்டின் பழைய வேலைக்காரப் பெண்ணைத் துரத்துகிற இடம் ஞாபகம் இருக்கிறதா? பீச் பழத்தோல் அவவுக்கு ஒவ்வாது. அதை வைத்து இருமலை உண்டாக்கி, காசநோய் என்று வீட்டுக்கார அம்மாவை நம்ப வைக்கிறார்கள். இசை ஏறிக்கொண்டே போகும். எடிட்டிங் நடனம் மாதிரி இருக்கும். நாங்கள் நாலு பேரும் சிரித்து, திருப்பிப் போட்டுப் பார்த்தோம். வீட்டுக்கார அம்மா உண்மையான காரணத்தைச் சொல்லாமலேயே அவவை அனுப்பிவிடுகிறா.

'விக்ரம்' படத்தையும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2022, நாடு முழுக்கப் பெற்றோல் வரிசையில் நின்ற நேரம். அதில் வீட்டு வேலை செய்கிற பெண் ஒருத்தி, கொலைகாரர்கள் உள்ளே வந்ததும் திடீரென்று ஏஜென்ட் டீனா ஆகிறா. நடனக் குழுக்களில் கனகாலம் இருந்த வசந்தி நடித்தது. விசிலடித்தோம். அது வரைக்கும் அவவை ஒருத்தரும் கவனிக்கவில்லை என்பதில்தான் அந்த விசில் இருக்கிறது. இயக்குநர் எங்களை நம்பி அந்தக் காட்சியை வைத்திருக்கிறார்: சமையலறையில் நிற்கிறவளை இவர்கள் பார்க்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை. அவர் பிழைக்கவில்லை. இன்னொன்று, டீனா உண்மையிலேயே வேலைக்காரியாக மட்டும் இருந்து அந்தக் குழந்தையைக் காப்பாற்றியிருந்தால் அந்தளவு விசில் விழுந்திருக்காது. வேறு ஆளாக இருந்தால்தான் அவ ஆள்.

சரி. போன வருஷம் பட்ச் ட்ரிப்புக்குக் காசு சேர்க்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. 45 பேர், ஆளுக்கு 500 ரூபாய். 22,500. ஒரு தடித்த புத்தகத்துக்குள் கவரில் வைத்திருந்தேன். திங்கட்கிழமை பார்த்தால் கவர் இல்லை.

முதலில் அழுதேன். பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குள் ஏதோ ஒன்று உசாரானது. லெக்சர் கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்பி நேரக் கோடு கீறினேன். வெள்ளி பின்னேரம் கடைசியாகப் பார்த்தது. சனி, ஞாயிறு, திங்கள் காலை. அறைக்குள் ஆர் ஆர் வந்தார்கள்? கீழே பெயர்ப் பட்டியல். ரூம்மேட் மூன்று பேர். மூன்றுக்கும் கோடு போட்டேன், அவர்கள் என் சிநேகிதிகள். ஆன்ரியின் மகன் ஞாயிற்றுக்கிழமை ஃபேன் திருத்த அறைக்குள் வந்தவர். அவருக்கும் கோடு. அதற்கு அரை நிமிஷம் எடுத்ததோ தெரியாது. படிச்சவர், உத்தியோகம் பார்க்கிறவர், அவருக்கு என்னத்துக்கு இந்தக் காசு? கடைசியில் மிஞ்சியது ஒரு ஆள். சனிக்கிழமை காலை அறை கூட்டின அம்மா.

ஒரு ஆதாரமும் இல்லை. ஆனால் எல்லாம் பொருந்தியது. போன கிழமை ஆன்ரியிடம் முற்பணம் கேட்டவ. பேரப்பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க வேணும் என்று சொன்னவ. நான் புத்தகத்துக்குள் காசு வைப்பதைக் கதவடியில் நின்று கண்டிருக்கலாம். இதை நான் மற்ற மூன்று பேருக்கும் படத்தின் கடைசி இருபது நிமிஷம் மாதிரிச் சொல்லிக் காட்டினேன். அவர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி மட்டும் "வடிவாத் தெரியாமல் சொல்லக்கூடாதடி" என்றாள். அவளும் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஆன்ரியிடம் போனோம். "பிள்ளையள், நான் பாத்துக்கொள்ளுறன்" என்றா.

அந்தக் கிழமைதான் பால்நிலையும் ஊடகமும் பற்றிய அசைன்மெண்ட் ஒன்றை ஒப்படைத்திருந்தேன். ஏ மைனஸ் வந்தது.

புதன்கிழமை அந்த அம்மா வரவில்லை. வெள்ளியும் இல்லை. ஆன்ரி அவவிடம் என்ன சொன்னா என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு பத்து நாள் கழித்து, நல்ல வெயில், கேற்றடியில் வந்து நின்றா. உள்ளே வரவில்லை. அரை மாதச் சம்பளம் மிச்சமாம், குசினிக் கதவுக்குப் பின்னால் தன்னுடைய குடையும் இருக்காம். ஆன்ரி வீட்டில் இல்லை. நான்தான் குடையை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். கம்பி ஒன்று வளைந்த பழைய கறுப்புக் குடை. வாங்கிக்கொண்டு கேட்டா:

"பிள்ளை, வடிவா எண்ணிப் பாத்தனீங்களோ? எல்லா இடமும் தேடினனீங்களோ?"

குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே என் காசுக்காகக் கவலைப்படுகிற மாதிரித்தான் கேட்டா. நான் "ஓம்" என்றேன்.

காசு கிடைக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் கிடைக்கவில்லை. என் மகாபொலக் காசைச் சேர்த்துச் சேர்த்துப் பட்ச்சுக்குக் கட்டி முடித்தேன். படத்தில் என்றால் கவர் எங்கேயாவது கிடைக்கும், நான் ஓடிப்போய் அவவின் காலில் விழுவேன். அல்லது அவவின் வீட்டுப் பெட்டிக்குள் கிடைக்கும், நான் கெட்டிக்காரி ஆவேன். இரண்டும் நடக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், மூன்று நாள் வேலை செய்த ஒரு வீட்டை அவ இழந்தது என் கொப்பியின் பின்பக்கத்தால் என்பதுதான்.

போன மாதம் திருநெல்வேலிச் சந்தையில் அவவைக் கண்டேன். மரக்கறிப் பக்கம், குனிந்து கத்தரிக்காய் தெரிந்துகொண்டு நின்றா. பக்கத்தில் ஒரு சின்னப் பெடியன், பேரனாக்கும். காலில் பாட்டா செருப்பு. நான் வாங்க வந்ததை வாங்காமல் மற்றப் பக்கத்தால் வெளியே வந்துவிட்டேன்.

இதை அம்மம்மாவிடம் சொன்னேன். ஏசுவா என்று நினைத்தேன். ஏசவில்லை. கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்த மனிசிக்குப் பேர் என்ன?" என்று கேட்டா.

கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அந்தத் தாள் அப்படியே இருக்கிறது. மேலே 'சந்தேகத்துக்குரியவர்கள்' என்று சிவப்புப் பேனையால் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். கீழே நாலு பெயர், நாலுக்கும் கோடு. ஐந்தாவதாக 'கூட்டுற அம்மா' என்று மட்டும் எழுதி வட்டம் போட்டிருக்கிறேன். நேரக் கோட்டில் வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் கிடக்கிறது: 'நான் கிளிநொச்சி – பஸ் – புத்தகம் கொண்டு போனது.' அந்தப் புத்தகத்தை மடியில் விரித்து வாசித்துக்கொண்டு போய், அப்படியே நித்திரையாகி, பரந்தனில்தான் முழித்தேன். அதை எழுதியதும் நான்தான். பட்டியலில் என்னுடைய பெயர் இல்லை.